சாலிட் ஆக்சில் போட்ட பிக்அப்: எந்தத் தொல்லைக்கு எங்கே கை வைப்பது

அமெரிக்காவில் விற்ற நான்கு சக்கர இயக்க டொயோட்டா பிக்அப்பின் முன்பக்கம் 1985 மாடல் வரை சாலிட் ஆக்சில்தான். இடது சக்கரத்திலிருந்து வலது சக்கரம் வரை ஒரே இரும்புக் கூடு, மேலே லீஃப் ஸ்பிரிங், அதாவது லாரியில் பார்க்கும் அந்தப் பட்டை. 1986-ல் அதை எடுத்துவிட்டு, சக்கரங்கள் தனித்தனியாக ஏறி இறங்கும் ஐஎஃப்எஸ் கொண்டுவந்தார்கள், டார்ஷன் பாரோடு, அதாவது முறுக்கிக்கொண்டு ஸ்பிரிங் வேலை செய்யும் கம்பியோடு. ரோட்டில் ஓட்ட அது சுகம். பாறையில் ஓட்டுகிறவர்களுக்கு மட்டும் பழையதே வேண்டியிருந்தது. அதனால் 1979 முதல் 85 வரையிலான வண்டியின் முன் ஆக்சிலைத் தேடிப் பிடித்து, 1986 முதல் 95 வரையிலான வண்டியில் ஏற்றுவது இங்கே பல வருடப் பழக்கம். நானும் என் 1990 மாடலில், 22ஆர்இ எஞ்சின் உள்ளதில், அதைத்தான் செய்தேன்.

மாற்றின பிறகு வரும் தொல்லைகளைத் தேடிக்கொண்டே போனால், அநேகமாக எல்லாமே வெல்டிங் வைப்பதற்கு முன்னால் எடுத்த ஏதோ ஒரு முடிவில் போய் நிற்கும். ஆக்சில் எது, ஸ்பிரிங் எது, ஸ்டியரிங் எந்த வகை, ஆக்சிலை எந்தக் கோணத்தில் வைத்தோம் என்ற நான்கில் ஒன்று. அதனால் இதை அறிகுறி வாரியாக எழுதுகிறேன். ஏற்கெனவே மாற்றிவிட்டு அவதிப்படுகிறவர் தன் அறிகுறியைத் தேடிப் படிக்கலாம், இன்னும் வாங்காதவர் முழுவதும் படித்துவிட்டு வாங்குவது நல்லது.

இன்னும் மாற்றவில்லை, சிவி ஜாயின்ட் உடைகிறது, பூட் கிழிகிறது

சிவி ஜாயின்ட் என்பது முன் சக்கரத்தைச் சுற்றும் ஷாஃப்ட்டின் மடங்கும் மூட்டு, பூட் அதை மூடும் ரப்பர் உறை. முதலில் வண்டியின் உயரத்தைப் பாருங்கள். டார்ஷன் பாரை முறுக்கி முறுக்கி முன்பக்கத்தைத் தூக்கி வைத்திருந்தால், சிவி ஷாஃப்ட் எப்போதும் சாய்ந்த கோணத்திலேயே சுற்றும். பூட் கிழியும், கிரீஸ் வெளியே போகும், மணல் உள்ளே போகும், அப்புறம் ஜாயின்ட் போகும். இதற்கு ஆக்சிலையே மாற்ற வேண்டியதில்லை, பாரை இறக்கி உயரத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து புது ஷாஃப்ட் போட்டால் முடிந்தது. ஸ்டியரிங் லூஸாக இருப்பதும் அப்படித்தான். இந்த வண்டிகளில் ஐட்லர் ஆர்ம், அதாவது ஸ்டியரிங் தண்டுகளை மறுபக்கம் தாங்கும் கை, தேய்ந்து ஆட்டம் கொடுப்பது எல்லோருக்கும் தெரிந்த கதை, பெரிய டயர் போட்டால் சீக்கிரமே தேயும்.

33 அங்குல டயர், மண் ரோடு, காட்டு வழி, மாதம் ஒரு தடவை என்றால் ஐஎஃப்எஸ்ஸே போதும். பாலைவனத்தில் வேகமாக ஓட்டுகிறவர்கள் சாலிட் ஆக்சில் பக்கமே போகாதீர்கள். அவ்வளவு கனமான இரும்பு சக்கரத்தோடு சேர்ந்து குதிக்கும்போது வேகத்தில் வண்டியைப் பிடிக்க முடியாது. இந்த மாற்றம் மெதுவாக, பாறை பாறையாக ஏறுகிறவர்களுக்கானது. கலிபோர்னியாவின் ரூபிகான், யூட்டாவின் மோவாப் மாதிரியான பாதைகள்.

பாறையில் ஒரு முன் சக்கரம் காற்றில் தொங்குகிறது, வண்டி நகரவில்லை

சாலிட் ஆக்சிலில் ஒரு சக்கரம் மேலே போனால் அடுத்த சக்கரத்தை அது கீழே தள்ளும், அதனால் இரண்டும் தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும். மாற்றுவதற்கு உண்மையான காரணம் இதுதான். ஆனால் ஒரு கேள்வி: பின் ஆக்சிலில் லாக்கர், அதாவது இரண்டு சக்கரத்தையும் சேர்த்துப் பூட்டிச் சுற்றவைக்கும் சாதனம், இருக்கிறதா? இல்லையென்றால் முதலில் அதைப் போடுங்கள். தொங்கும் சக்கரம் சும்மா சுற்றினாலும் பின்னால் இரண்டும் சேர்ந்து தள்ளினால் பல இடங்களில் வண்டி ஏறிவிடும். செலவும் வேலையும் மிகக் குறைவு. லாக்கர் போட்டும் ஒரு வருடம் அதே இடங்களில் நின்றுகொண்டிருந்தால் அப்போது ஆக்சில் தேடப் போகலாம்.

ஆக்சில் வாங்கியாயிற்று, வண்டியில் உட்கார மாட்டேன் என்கிறது

பழைய இரும்புக் கடையில் நல்ல விலைக்குக் கிடைத்தது என்று வாங்கி வந்து, வண்டிக்கு அடியில் தள்ளிப் பார்த்த பிறகுதான் பலருக்கு இது தெரிகிறது. ஷாஃப்ட்டின் சுழற்சியை இரண்டு சக்கரத்துக்கும் பிரிக்கும் டிஃபரன்ஷியல் (சுருக்கமாக டிஃப்) ஆக்சிலின் நடுவில் இருக்காது, ஒரு பக்கம் ஒதுங்கியிருக்கும். எஞ்சின் சக்தியை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து முன் ஷாஃப்ட் எந்தப் பக்கம் வருகிறதோ அதே பக்கம் டிஃபும் இருந்தாக வேண்டும். 1995 வரையான டொயோட்டா பிக்அப்பில் அது வலது பக்கம். அதனால்தான் 79–85 ஆக்சிலும், லேண்ட் குரூசர் 80-ன் முன் ஆக்சிலும் இதற்குச் சரியாக வருகின்றன. 1995 மாடல் வருடத்தின் நடுவில் வந்த டகோமாவில் இடது பக்கம் ஆகிவிட்டது, அதற்கு ஃபோர்டு 1978–79 எஃப்-150 அல்லது பிராங்கோவில் வந்த டேனா 44 (டேனா நிறுவனத்தின் ஆக்சில் வகை) மாதிரி இடது டிஃப் ஆக்சில் தேட வேண்டும். பழைய ஜீப் வாகனீரின் டேனா 44 வாங்குகிறவர்கள் வருடத்தைக் கவனியுங்கள்: 1979 வரை வலது, 1980 முதல் இடது. பெயர் ஒன்றுதான், ஆக்சில் வேறு.

அடுத்தது அகலம். 1986-க்குப் பிறகு வந்த வண்டியின் பின் ஆக்சில் அகலமானது, பழைய முன் ஆக்சில் அதைவிடச் சுமார் 3 அங்குலம் குறுகல். அப்படியே போட்டால் முன் சக்கரங்கள் உள்ளே ஒடுங்கி நிற்கும், பக்கத்துக்கு ஒன்றரை அங்குலம். சக்கரத்துக்கு உள்ளே ஸ்பேசர் தகடு போட்டோ ஐஎஃப்எஸ் ஹப்பை, அதாவது சக்கரம் மாட்டும் நடுப்பகுதியை, மாற்றிப் போட்டோ சரிசெய்யலாம். நான் ஹப் வழியைத்தான் சொல்வேன், கழன்றுவிடக்கூடிய நட்டுகள் இன்னொரு அடுக்கு கூடுவதில் எனக்கு நம்பிக்கையில்லை.

சக்கர போல்ட் அமைப்பும் பாருங்கள். டொயோட்டா ஆறு போல்ட், 139.7 மில்லிமீட்டர் வட்டம். ஃபோர்டு அரை டன் ஆக்சில் அதே வட்டத்தில் ஐந்து போல்ட். இன்னும் கனமான டேனா 60 போட்டால் எட்டு, பின்னாலும் மாற்ற வேண்டிவரும், இல்லையென்றால் இரண்டு ஸ்டெப்னி சுமக்க வேண்டும்.

ஆக்சிலுக்குள் இருக்கும் கியர் விகிதம் முன்னும் பின்னும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதை மறந்துவிட்டு வண்டியைப் பூட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். முன்னால் 4.10, பின்னால் 4.88 என்று இருக்கும் வண்டியை நான்கு சக்கர இயக்கத்தில் போட்டால் சக்கரங்கள் ஒன்றையொன்று இழுத்துப் பிடிக்கும். கெட்டியான ரோட்டில் டிரான்ஸ்ஃபர் கேஸே உடையும். 22ஆர்இ எஞ்சினுக்கு 33 அங்குல டயர் என்றால் 4.88, 35 என்றால் 5.29 என்பது இங்கே பலரும் கையாளும் கணக்கு. எனக்கும் அது சரியாகவே வந்தது.

டயர் 35-க்கு மேல் போகாது என்று உறுதியாகத் தெரிந்தால் டொயோட்டா ஆக்சிலே போதும். 37 கனவு இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள். குரோமோலி என்ற வலுவான எஃகில் செய்த ஷாஃப்ட்டும் ஜாயின்ட்டும் போடும் செலவு, அல்லது டேனா 60. அதன் எடையையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

ஒரு குழியில் ஏறி இறங்கியதும் ஸ்டியரிங் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு ஆடுகிறது

70, 80 கி.மீ வேகத்தில் போகும்போது சின்னப் பள்ளம் ஒன்று வரும், உடனே முன்பக்கம் முழுவதும் இடமும் வலமுமாக உதற ஆரம்பிக்கும், வேகத்தைக் குறைத்து அநேகமாக நிறுத்தினால்தான் அடங்கும். அனுபவித்தவர்களுக்கு விளக்க வேண்டாம், அனுபவிக்காதவர்கள் ஒரு தடவை பார்த்தால் வண்டியை விற்றுவிடத் தோன்றும். அவசரப்பட்டு ஸ்டியரிங் டேம்பர், அதாவது ஸ்டியரிங்குக்கான ஷாக் அப்சார்பர், வாங்கி மாட்டாதீர்கள். அது ஆட்டத்தை அமுக்கி வைக்கும், காரணம் உள்ளேயே இருந்து வளரும்.

இந்த வரிசையில் தேடுங்கள். வண்டி தரையில் நிற்கட்டும், எஞ்சின் ஓடட்டும், ஒருவர் ஸ்டியரிங்கைக் கால் சுற்று இடமும் வலமும் திருப்பிக்கொண்டே இருக்கட்டும். நீங்கள் கீழே குனிந்து ஒவ்வொரு டை ராட் (இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் தண்டு) முனையையும், டிராக் லிங்க் (ஸ்டியரிங் பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குப் போகும் தண்டு) முனையையும், பிட்மன் ஆர்மையும் (பாக்ஸின் கை), பன்ஹார்டு பார் (ஆக்சில் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் கம்பி) இருந்தால் அதன் இரண்டு போல்ட்களையும் கையால் தொட்டுக்கொண்டு இருங்கள். கண்ணுக்குத் தெரியாத ஆட்டம் விரலுக்குத் தெரியும். பன்ஹார்டு பாரில் போல்ட் இறுக்கமாக இருந்தும் ஓட்டை முட்டை வடிவத்துக்குத் தேய்ந்திருக்கலாம், போல்ட்டைக் கழற்றித்தான் பார்க்க முடியும்.

அப்புறம் ஜாக்கி போட்டு முன் சக்கரத்தைத் தூக்குங்கள். ஆக்சிலுக்கு அடியில் ஸ்டாண்ட் வையுங்கள், ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள். டயரின் உச்சியையும் அடியையும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரை பிரேக்கை அழுத்தச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். பிரேக் பிடித்தபோது ஆட்டம் போய்விட்டால் சக்கர பேரிங் லூஸ். பிரேக் பிடித்தும் ஆடினால் நக்கிளின், அதாவது சக்கரத்தைத் தாங்கித் திரும்பும் முனைப் பகுதியின், மேலும் கீழும் இருக்கும் ட்ரனியன் பேரிங். பழைய டொயோட்டா ஆக்சிலில் இந்த உதறலுக்கு முதல் சந்தேகம் எனக்கு எப்போதும் இதன் மேல்தான். இந்த பேரிங்குகளுக்கு ஷிம் தகடு வைத்து ஒரு முன் இறுக்கம் கொடுக்க வேண்டும். டை ராட்டைக் கழற்றிவிட்டு, நக்கிள் கையில் ஸ்பிரிங் தராசை மாட்டி இழுத்து, சர்வீஸ் புத்தகத்தில் சொன்ன எடைக்கு நக்கிள் நகர ஆரம்பிக்கிறதா என்று பார்ப்பார்கள். விரலால் தள்ளினாலே திரும்பினால் அது போதாது.

அதே இடத்தில் இன்னொன்றையும் பாருங்கள். ஸ்டியரிங் கையை நக்கிளோடு பிடித்திருக்கும் நான்கு ஸ்டட்கள், கூம்பு வாஷர்களோடு இருப்பவை. பெரிய டயரும் பாறையும் சேர்ந்தால் இவை தளர்ந்துவிடும். தளர்ந்த பிறகு ஓட்டினால் ஸ்டட் உடையும், உடைந்தால் அந்தப் பக்கத்துக்கு ஸ்டியரிங்கே இல்லை. ஒவ்வொரு பயணத்துக்கு முன்னாலும் நான் ரெஞ்ச் வைத்துப் பார்ப்பது இந்த எட்டு நட்டுகளைத்தான்.

இவ்வளவும் சரி என்றால் டயர் பேலன்ஸ், காற்று அழுத்தம், டோ, அதாவது முன் சக்கரங்கள் முன்னால் ஒன்றையொன்று நோக்கித் திரும்பியிருக்கும் அளவு. டோ அளவை வீட்டிலேயே பார்க்கலாம். டயரின் நடுவில் சாக்பீஸால் கோடு போட்டு, முன்பக்கம் கோட்டுக்குக் கோடு எவ்வளவு, பின்பக்கம் எவ்வளவு என்று டேப்பால் அளக்க வேண்டியதுதான். முன்பக்கம் 2, 3 மில்லிமீட்டர் குறைவாக இருக்கட்டும்.

நேர் ரோட்டில் வண்டி அலைகிறது, திருப்பினால் ஸ்டியரிங் தானாகத் திரும்பி வருவதில்லை

இது காஸ்டர். சக்கரம் திரும்பும் அச்சின் மேல் முனை கொஞ்சம் பின்னால் சாய்ந்திருக்க வேண்டும். சைக்கிளின் முன் ஃபோர்க்கை நினைத்துக்கொள்ளுங்கள், கைப்பிடியை விட்டுவிட்டும் நேராக ஓட முடிவதற்கு அந்தச் சாய்வும் ஒரு காரணம். சாய்வு பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில் போனால் வண்டிக்கு நேராகப் போகத் தெரியாது. பெரிய டயர் போட்ட வண்டிக்கு 4 முதல் 6 டிகிரி வரை வைத்தால் நெடுஞ்சாலையில் நிம்மதியாக ஓட்டலாம் என்பது என் அனுபவம். நக்கிளின் மேல் மூடியில் தட்டையான இடத்தில் கோணமானியை வைத்து அளக்கலாம். சமதளத்தில், வண்டியின் முழு எடையும் சக்கரத்தில் இருக்கும்போது அளக்க வேண்டும்.

என் வண்டியில் ஒரு பட்டறைக்காரர்கள் ஸ்பிரிங் உட்காரும் பேடுகளை வெல்டிங் செய்தபோது, வண்டி ஸ்டாண்டில் தொங்கிக்கொண்டிருந்தது. அப்படியே கோணம் வைத்துப் பற்றவைத்துவிட்டார்கள். எஞ்சின் எடை இறங்கியதும் ஸ்பிரிங் அமுங்கி, ஷாக்கிள் (பட்டையின் முனையைச் சேசிஸோடு இணைக்கும் ஆடும் இணைப்பு) நகர்ந்து, ஆக்சில் சுழன்று, காஸ்டர் ஒரு டிகிரிகூட மிஞ்சவில்லை. வீட்டுக்கு ஓட்டி வந்த அந்த நாற்பது நிமிடமும் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே வந்தேன். பேடை வெட்டி மறுபடி வைக்க வேண்டியிருந்தது. அதனால் சொல்கிறேன்: முதலில் சும்மா புள்ளி வெல்டிங் மட்டும், வண்டியைத் தரையில் இறக்கி, முன்னும் பின்னும் உருட்டி, அளந்து, அதன் பிறகு முழு வெல்டிங்.

2, 3 டிகிரி குறை என்றால் ஸ்பிரிங்குக்கும் பேடுக்கும் நடுவில் ஆப்பு வடிவ ஷிம் வைத்துச் சமாளிக்கலாம். இரும்பு ஷிம் வாங்குங்கள், அலுமினியம் நசுங்கிப் பிளந்துவிடும். ஆனால் ஆப்பு வைத்தால் முழு ஆக்சிலும் சுழலும். காஸ்டர் கூடக் கூட டிஃபின் மூக்கு, அதாவது ஷாஃப்ட் மாட்டும் முனை, கீழே போகும். அது அடுத்த தொல்லைக்குக் கதவைத் திறக்கும்.

வேகம் ஏற ஏற கால் வைக்கும் தரை அதிர்கிறது

டயரா, ஷாஃப்ட்டா என்று பிரித்தறிய ஒரு எளிய வழி இருக்கிறது. இரண்டு சக்கர இயக்கத்திலேயே, முன் ஹப்களைப் பூட்டி ஒரு தடவை ஓட்டுங்கள், திறந்துவிட்டு ஒரு தடவை ஓட்டுங்கள். ஹப் பூட்டியிருக்கும்போது சக்கரம் ஷாஃப்ட்டைச் சுழற்றும், திறந்தால் ஷாஃப்ட் நின்றுவிடும். பூட்டினால் மட்டும் அதிர்ந்தால் முன் ஷாஃப்ட்தான் குற்றவாளி. இரண்டிலும் அதிர்ந்தால் டயர், சக்கரம் அல்லது பின் ஷாஃப்ட் பக்கம் போங்கள்.

முன் ஷாஃப்ட் என்றால் கோணத்தைப் பாருங்கள். இரண்டு முனையிலும் சாதாரண யு-ஜாயின்ட் (சிலுவை வடிவ மூட்டு) இருந்தால், டிரான்ஸ்ஃபர் கேஸ் முனையும் டிஃப் மூக்கும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். டிரான்ஸ்ஃபர் கேஸ் பக்கம் இரட்டை கார்டன் ஜாயின்ட், அதாவது இரண்டு யு-ஜாயின்ட் சேர்ந்த மூட்டு, போட்டிருந்தால் டிஃப் மூக்கு நேராக டிரான்ஸ்ஃபர் கேஸைப் பார்க்க வேண்டும். வண்டியை உயர்த்த உயர்த்த, மூக்கு மேலே பார்க்க வேண்டும், ஆனால் காஸ்டருக்காக நாம் அதைக் கீழே தள்ளுகிறோம். இரண்டும் ஒரே ஆக்சிலில் எதிரெதிராக இழுக்கின்றன. 3 அங்குல உயரம் வரை எப்படியாவது நடுவில் பிடித்துவிடலாம். 5 அங்குலம் தூக்கினால் பிடிக்க முடியாது. ஒரே தீர்வு, ஆக்சில் கூட்டின் இரண்டு முனையிலும் இருக்கும் நக்கிள் உருண்டைகளை வெட்டிச் சுழற்றி மறுபடி வெல்டிங் செய்வது. அப்போது மூக்கு வேறு கோணம், நக்கிள் வேறு கோணம் என்று தனித்தனியாக வைத்துக்கொள்ளலாம். இது வீட்டு வேலை அல்ல. நேர் கோட்டில் அமர்த்தி வெல்டிங் செய்யத் தெரிந்தவரிடம் மட்டும் கொடுங்கள்.

இதற்குத்தான் லேண்ட் குரூசர் 80-ன் முன் டிஃபுக்கு அவ்வளவு மவுசு. அதில் பினியன், அதாவது ஷாஃப்ட் சுழற்றும் சின்னக் கியர், உயரமாக உட்கார்ந்திருக்கும், ஷாஃப்ட்டின் சரிவு குறையும், பாறையில் தேயும் இடமும் மேலே போகும். முன்னால் போகும்போது பற்களின் வலுவான பக்கம் வேலை செய்வதால் கியருக்கும் நல்லது. வண்டியை உயரமாக வைக்கப் போகிறீர்கள் என்றால் மற்ற எதில் மிச்சம் பிடித்தாலும் இதில் பிடிக்காதீர்கள்.

பள்ளத்தில் இறங்கினால் ஸ்டியரிங் தானாக ஒரு பக்கம் திரும்புகிறது

79–85 வண்டியின் ஸ்டியரிங் பாக்ஸ் கையை முன்னும் பின்னும் ஆட்டும், அதிலிருந்து ஒரு தண்டு இடது நக்கிளுக்குப் போகும். வண்டியைத் தூக்கினால் அந்தத் தண்டு செங்குத்தாகச் சாயும், ஸ்பிரிங் அமுங்கும் ஒவ்வொரு தடவையும் நக்கிளைத் தள்ளும். ஆக்சிலோடு பழைய பாக்ஸையும் சேர்த்து வாங்கி மாட்டுகிறவர்களுக்கு இந்தத் தொல்லை நிச்சயம்.

உங்கள் வண்டியிலேயே இருந்த ஐஎஃப்எஸ் பாக்ஸைத் தூக்கி எறியாதீர்கள். அதன் கை இடமும் வலமும் ஆடும். அதை முன்னால் தள்ளி மாட்டி, அங்கிருந்து குறுக்காக வலது நக்கிளுக்கு டிராக் லிங்க், நக்கிளுக்கு நக்கிள் ஒரு டை ராட், இரண்டையும் நக்கிளின் மேலே உயர்த்தி வைக்கும் கைகள். இங்கே கிராஸ் ஓவர் என்று சொல்வது இதைத்தான். டிராக் லிங்க் நீளமாகவும் கிட்டத்தட்டக் கிடைமட்டமாகவும் இருப்பதால் தள்ளல் பெரிதும் குறைகிறது, டை ராட்டும் பாறைக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விடுகிறது.

காயில் ஸ்பிரிங் போட்டவர்களுக்கு வேறு கணக்கு. ஆக்சில் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கப் பன்ஹார்டு பார் கட்டாயம். அந்த பாரும் டிராக் லிங்க்கும் ஒரே சாய்வில், முடிந்தவரை ஒரே நீளத்தில் இருக்க வேண்டும். ஒன்று ஒரு வட்டத்திலும் மற்றொன்று வேறு வட்டத்திலும் நகர்ந்தால், அந்த வித்தியாசம் முழுக்க ஸ்டியரிங்கில்தான் வந்து விழும். லீஃப் ஸ்பிரிங்கில் பட்டையே ஆக்சிலைப் பிடித்துக்கொள்கிறது, அதனால் கிராஸ் ஓவர் போட்ட லீஃப் வண்டிக்கு சாதாரணமாக பன்ஹார்டு தேவைப்படாது.

லீஃபா காயிலா என்று கேட்கிறவர்களுக்கு என் பதில் இதிலேயே இருக்கிறது. முதல் தடவை செய்கிறீர்கள், வீட்டில் வைத்துச் செய்கிறீர்கள் என்றால் லீஃப். தவறு செய்ய இடம் குறைவு. காயிலும், ஆக்சிலைப் பிடிக்கும் மூன்று லிங்க் தண்டுகளும் நன்றாகச் செய்தால் அதைவிட நன்றாக ஓடும், ஒரு பிராக்கெட் ஒரு அங்குலம் தவறினாலும் லீஃபைவிட மோசமாக ஓடும்.

பட்டை புதிது, ஆனாலும் கட்டை வண்டி மாதிரி குலுக்குகிறது

ஷாக்கிளைப் பாருங்கள். பட்டை அமுங்கும்போது நீளும், அந்த நீளத்துக்கு வழிவிடுவது ஷாக்கிள். வண்டி சும்மா நிற்கும்போது அது பட்டையிலிருந்து விலகிச் சாய்ந்து நிற்க வேண்டும். செங்குத்தாகவோ உள்பக்கமாக மடங்கியோ நின்றால் பட்டைக்கு நீள இடமில்லை, ஷாக் அப்சார்பரை எத்தனை மாற்றினாலும் குலுக்கல் போகாது. ஷாக்கிள் மாட்டும் பிராக்கெட்டின் இடத்தை மாற்ற வேண்டும். அப்புறம் உயரத்துக்காக இலைகளைக் கூட்டிக்கொண்டே போன பட்டைகள். நீளமான பட்டை, மெல்லிய இலைகள் பல, அதுதான் மெத்தென்று போகும்.

ஆனால் மிக மெத்தென்ற பட்டைக்கும் ஒரு விலை உண்டு. செங்குத்தான பாறையில் முன் சக்கரம் பிடித்து இழுக்கும்போது ஆக்சில் தன்னைத்தானே சுருட்டிக்கொண்டு, பட்டை எஸ் மாதிரி வளைந்து, சட்டென்று விடுபடும். வண்டி முன்னங்காலால் துள்ளுவது அப்போதுதான். பட்டையை ஆக்சிலோடு கட்டும் யு-போல்ட் தளர்ந்திருந்தாலும் இப்படித் துள்ளும், அதை முதலில் இறுக்கிப் பாருங்கள். புதிதாகப் போட்ட யு-போல்ட் முதல் சில பயணங்களில் தளரும், முதல் 100 மைலில் ஒரு தடவை, 500-ல் ஒரு தடவை ரெஞ்ச் போட்டே ஆக வேண்டும்.

முழுதாக அமுங்கும்போது கீழே எங்கோ இரும்பு மோதுகிறது

பம்ப் ஸ்டாப், அதாவது ஆக்சில் ஏறுவதை நிறுத்தும் ரப்பர் முட்டு, வைக்காமல் ஓட்டுகிறீர்கள், அல்லது வைத்தது குட்டையாக இருக்கிறது. ஆயில் பேனில் டை ராட்டோ டிஃபோ இடிக்கும். பட்டையில் பிரதான இலையை மட்டும் விட்டு மற்றதைக் கழற்றி, ஜாக்கியால் ஆக்சிலை மேலே தள்ளி, இரண்டு பக்கமும் சேர்த்தும், ஒரு பக்கம் மட்டும் தூக்கியும், சக்கரத்தை முழுக்கத் திருப்பியும் பாருங்கள். எது முதலில் தொடுகிறதோ அதற்கு முன்னால் பம்ப் ஸ்டாப் தொட வேண்டும். பிரேக் ஹோஸ் நீளத்தையும் அப்போதே, ஆக்சில் முழுதாகத் தொங்கும் நிலையில் பாருங்கள். டயர் கதவுப் பக்கம் உரசினால் ஆக்சிலை ஒன்று இரண்டு அங்குலம் முன்னால் தள்ளி வைப்பது வழக்கம். ஷாஃப்ட் நீளமும் கூடவே மாறும்.

சக்கரத்தின் உள்பக்கம் கருப்பாக எண்ணெய். திருப்பினால் கடக் கடக்

நக்கிள் உருண்டையில் கிரீஸ் மெல்லிய படலமாக ஒட்டியிருப்பது சாதாரணம். கூழ் மாதிரி ஒழுகினால் உள் ஆக்சில் சீல் போய்விட்டது, டிஃப் எண்ணெய் நக்கிளுக்குள் வந்து கிரீஸைக் கரைத்துவிட்டது. வெளியே தெரியும் வைப்பர் சீலை மட்டும் மாற்றினால் நிற்காது. முழுவதும் பிரித்து, கழுவி, உள் சீல் போட்டு, மாலிப்டினம் கிரீஸ் புதிதாக அடைக்க வேண்டும். டிஃபின் காற்றுத் துளையான பிரீதர் அடைத்திருந்தால் புது சீலும் போகும், அதை முதலில் ஊதிப் பாருங்கள்.

முழுதாகத் திருப்பியபடி போகும்போது கடக் கடக் என்றால் பிர்ஃபீல்டு ஜாயின்ட், அதாவது நக்கிளுக்குள் இருக்கும் சிவி மூட்டு. ஹப்பைத் திறந்துவிட்டு அதே மாதிரி திருப்புங்கள். சத்தம் நின்றால் சந்தேகமே வேண்டாம். ஸ்டியரிங் கடைசி வரை திரும்பியிருக்கும்போது ஆக்சிலரேட்டரை அழுத்துவதுதான் இதை உடைக்கும் பழக்கம். சக்கரம் முழுதாகத் திரும்பாமல் நிறுத்தும் ஸ்டியரிங் ஸ்டாப் போல்ட்டைக் கொஞ்சம் வெளியே நீட்டி வைத்தாலும் ஆயுள் கூடும்.

பிரேக் பிடித்தால் மூக்கு மட்டும் குத்துகிறது, பின்பக்கம் சும்மா வருகிறது

பின் ஆக்சிலுக்கு மேலே, சுமையைப் பார்த்து பிரேக் அழுத்தத்தை மாற்றும் வால்வு ஒன்று இருக்கிறது. பின்பக்கத்தை உயர்த்தியதும் வண்டி காலியாக இருக்கிறது என்று அது எடுத்துக்கொள்ளும், பின் பிரேக்குக்குப் போகும் அழுத்தத்தைக் குறைத்துவிடும். உயர்த்திய அளவுக்கு அதன் பிராக்கெட்டையும் உயர்த்தி வையுங்கள்.

ஸ்டியரிங் திருப்பும்போது முன்பக்கம் டக் என்று ஒரு சத்தம், எங்கே என்று தெரியவில்லை

போல்ட் எல்லாம் இறுக்கிப் பார்த்தும் சத்தம் இருந்தால், சேசிஸைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு ஸ்டியரிங் பாக்ஸ் மாட்டியிருக்கும் இடத்தில் டார்ச் அடித்துப் பாருங்கள். முடி மாதிரி ஒரு கோடு, துரு கசிந்த கோடு, தெரியலாம். பெரிய டயரைப் பாறைக்கு எதிராகத் திருப்பும் பலம் முழுவதும் அந்த மெல்லிய சேசிஸ் தகட்டின் மேல்தான் விழுகிறது. பாக்ஸ் போல்ட்கள் சேசிஸை ஊடுருவும் இடத்தில் உள்ளே குழாய் வைக்காமல், வெறும் தகட்டை நசுக்கி இறுக்கியிருந்தால் விரிசல் இன்னும் சீக்கிரம் வரும்.

விரிசலின் மேல் அப்படியே வெல்டிங் கோடு போட்டு மூடாதீர்கள், பக்கத்திலேயே மறுபடி பிளக்கும். விரிசல் முடியும் இடத்தில் சின்ன ஓட்டை போட்டு அதை நிறுத்தி, கோட்டைக் குடைந்து வெல்டிங் செய்து, மேலே ஒரு தகடு வைத்து, போல்ட் ஓட்டைகளுக்குக் குழாய் செருகி, பாக்ஸுக்கு எதிரில் இரண்டு சேசிஸ் தண்டையும் இணைக்கும் ஒரு குறுக்குக் கம்பியும் கொடுங்கள். இன்னும் மாற்றாதவர்கள் பாக்ஸை நகர்த்தும் அன்றைக்கே இதையெல்லாம் சேர்த்துச் செய்துவிடுங்கள், அப்போது முன்பக்கம் முழுவதும் பிரித்துக் கிடக்கும், ஒரு சாயங்காலத்தில் முடிந்துவிடும்.